யார் கேட்ட கட்டுரை

சத்தியவேடு
8 ஜூலை 2024

கௌசிகாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதைச் சமாதானக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு உன்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும்.

எங்கள் கம்பெனியில் கழுவும் பிரிவு இருக்கிறதல்லவா? கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் பித்தளைப் பாகங்களைத் தொட்டியிலுள்ள கரைப்பானில் முக்கி எடுத்து எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குவார்கள். எல்லாரும் பெண்கள்தான். போன வருஷம் பழைய கரைப்பானை நிறுத்திவிட்டு, விலை குறைந்த வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொருத்தியாகக் கால் மரத்துப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். போன வாரம் வரதய்யபாளையத்து மஞ்சு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, நெற்றியில் தையல் போடவேண்டியதாயிற்று. நான்தான் தூக்கிவிட்டேன். "படி எங்க இருக்குதுன்னு காலுக்குத் தெரியல சார்" என்றாள். கம்பெனி டாக்டர் சத்துக் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்.

கரைப்பானோடு வந்த பாதுகாப்புத் தாளில் தலைவலி, கண் எரிச்சல் தவிர வேறொன்றும் இல்லை. நானாகத் தேடியதில், ஒரு வெளிநாட்டுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு தகவல் கிடைத்தது. தொண்ணூறுகளில் ஜப்பானில் இதே ரசாயனத்தைப் பயன்படுத்திய ஒரு தொழிற்சாலையைப் பற்றி, அவர்கள் மொழியிலேயே வந்த ஆராய்ச்சி. தலைப்பு மட்டும்தான் இணையத்தில் இருக்கிறது. திருப்பதியில் நாம் படித்த இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். அந்த இதழின் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

நீ வேலை பார்க்கும் நூலகத்தில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எடுத்து அனுப்பு. ஆங்கிலத்தில் வேண்டும்.

சிவசங்கரியும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறாள். தங்கச்சி சும்மா வீட்டில் இருக்கிறாளே என்று நான்தான் சேர்த்துவிட்டேன். தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள்.

ஹரிபாபு


தில்லி
16 ஜூலை 2024

ஹரிபாபு அவர்களுக்கு,

எட்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது பரவாயில்லை.

சித்தூரில் என் அப்பா முன்னால், "புத்தகத்துக்குத் தூசி தட்டுற வேலைக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு குடித்தனமா" என்று கேட்டீர்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று நீங்களே கேட்டு வந்திருப்பதால் சொல்கிறேன். எங்கள் நகல் பிரிவுக்கு ஒரு சாயப்பட்டறைக்காரர் எழுதுவார், ஏன் துணியில் திட்டு விழுகிறது என்று. சிமென்ட் ஆலைப் பொறியாளர் எழுதுவார். மருந்துக் கம்பெனி எழுதும், பல்கலைக்கழகப் பெண் எழுதுவாள். அவர்களுக்கு வேண்டியது எங்களிடம் இருந்தால் நகல் அனுப்புவோம். இல்லையென்றால் நாட்டில் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று தேடுவோம். இங்கே எங்குமே இல்லையென்றால் அந்த நாட்டுத் தேசிய நூலகத்துக்கு எழுதிக் கேட்போம். புரியாத மொழியில் இருந்தால் மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறோம். ஒருவருக்காக மொழிபெயர்த்தது அடுத்து வருபவருக்கும் உதவும் என்று அதில் ஒரு பிரதியைச் சேர்த்து வைப்போம். இதுதான் அந்தத் தூசி.

நீங்கள் கேட்பதைப் பெற என் கணவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. இந்த நாட்டில் யாரும் கேட்கலாம். விண்ணப்பம் இணைத்திருக்கிறேன். உங்கள் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியில் நிரப்புங்கள். உங்கள் கம்பெனியும் எங்கள் உறுப்பினர்தான். ஆனால் அந்தக் கணக்கில் கேட்டுவிடாதீர்கள். எந்தக் கட்டுரையை எடுத்தீர்கள் என்பது பில்லோடு அவர்கள் மேசைக்குப் போகும்.

சிவசங்கரியை அந்தப் பிரிவிலிருந்து உடனே மாற்றுங்கள். அதற்கு எந்தக் கட்டுரையும் தேவையில்லை.

கௌசிகா


சத்தியவேடு
29 ஜூலை 2024

கௌசிகாவுக்கு,

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன், என் பெயரில்தான். காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். யார் பார்த்துக்கொண்டார்கள்? கேட்க எனக்கு உரிமையில்லை என்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

சிவசங்கரி மாறமாட்டேன் என்கிறாள். "மத்த பொண்ணுங்கல்லாம் அங்கியே நின்னுக்கினு இருக்கறப்போ, அண்ணன் ஆபீசர்னு நா மட்டும் எய்ந்து போறதா" என்று கேட்கிறாள். விஜயபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள். இந்த நேரத்தில் காலில் ஏதோ கோளாறு என்று பேச்சுக் கிளம்பிவிடக் கூடாது என்பதும் அவள் மனதில் இருக்கிறது. அதை வாயைத் திறந்து சொல்லமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நைனா அவளைக் கடைக்கு அனுப்பினார். ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். அது எங்கே கழன்றது என்று அவளுக்குத் தெரியவில்லை, கௌசி. தார் ரோட்டில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறாள். அடிப்பாதத்தில் கண்ணாடிச் சில் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

மேலாளர் கிரண்குமாரிடம் போனேன். தொட்டிக்கு மூடி போடவேண்டும், ஆவியை உறிஞ்சும் விசிறி வைக்கவேண்டும் என்றேன். ஆர்டர் நெருக்கடி தீரட்டும் என்றார். இதைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சி இருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். எந்த நாடு, என்ன ஆராய்ச்சி என்று அவர் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். உன் மனைவி இன்னும் தில்லியில்தானா என்று விசாரித்தார்.

ஹரி


தில்லி
6 ஆகஸ்ட் 2024

ஹரிக்கு,

செருப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடி படிக்க என்னால் முடியவில்லை.

கட்டுரை இத்துடன் வருகிறது. அந்த இதழ் நம் நாட்டில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தேடவேண்டி வரவில்லை. எங்கள் மொழிபெயர்ப்புத் தொகுப்பிலேயே ஆங்கிலப் பிரதி தயாராக இருந்தது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது. உங்கள் விண்ணப்பத்தை வரிசை மீறி நான் எடுக்கவில்லை. யாராவது கேட்டால் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

நானும் படித்தேன். அங்கேயும் பெண்கள்தான், கழுவும் வேலைதான். பனிக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். முதலில் கால் விரல் மரத்திருக்கிறது, பிறகு பாதம், பிறகு நடை தடுமாறியிருக்கிறது. அந்த வேலையிலிருந்து சீக்கிரம் விலக்கப்பட்டவர்களுக்கு உணர்ச்சி மெதுவாகத் திரும்பியிருக்கிறது. தாமதமாக விலகியவர்களில் சிலருக்குத் திரும்பவே இல்லை. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். தொட்டியின் விளிம்பிலேயே ஆவியை இழுத்துவிட என்ன செய்யவேண்டும் என்று படத்தோடு இருக்கிறது.

என்னைக் கேட்டால், அதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். சிவசங்கரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வெளியே வாருங்கள்.

காய்ச்சலின்போது பக்கத்து அறைப் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

கௌசிகா


திருப்பதி
14 ஆகஸ்ட் 2024

கௌசிகாவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிவசங்கரியைப் பரிசோதனைக்குச் சேர்த்திருக்கிறோம். காலில் மின்சாரம் செலுத்தி நரம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். வேகம் பாதிகூட இல்லை. எங்கே வேலை என்று டாக்டர் கேட்டார். கட்டுரையைக் காட்டினேன். உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு, "இன்னும் எத்தனை பேர்?" என்றார். மஞ்சுவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். அந்த மொழிபெயர்ப்பின் கடைசித் தாளில், மொழிபெயர்த்தது 2022 டிசம்பர் என்று அச்சாகியிருக்கிறது. எங்கள் கம்பெனி கரைப்பானை மாற்றியது அதற்கு அடுத்த மார்ச்சில். இந்த ஒரு ரசாயனத்தைப் பற்றி, யாருக்கும் தெரியாத ஒரு இதழில் வந்த கட்டுரையை, அந்தச் சமயத்தில் இந்த நாட்டில் வேறு யார் காசு கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லியிருப்பார்கள்? வேறு கம்பெனியாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உன் நூலகத்துக்குத் தெரியும். அப்படியானால் உனக்கும் தெரியும்.

பெயரைச் சொல். எழுதக்கூட வேண்டாம். போன் பண்ணி, "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தெரிந்தே செய்தார்கள் என்றால் அது வேறு வழக்கு. தெரியாமல் நடந்தது என்றால் ஆளுக்குப் பத்து நாள் சம்பளம் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள். சிவசங்கரி உனக்குத் தலை பின்னிவிட்டவள். உன் கல்யாணத்தில் உன் புடவைக் கொசுவத்தை மடித்துவிட்டவள். அவள் படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஹரி


தில்லி
20 ஆகஸ்ட் 2024

ஹரிக்கு,

சொல்லமாட்டேன்.

எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கலாம். உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. தெரியும். ஆனால் சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலேயே இன்னொரு கடிதமும் வந்தது. உங்கள் கிரண்குமார் கையெழுத்துப் போட்டது. சத்தியவேடு வட்டாரத்திலிருந்து அண்மையில் யாராவது இந்தப் பொருள் குறித்து ஏதாவது கேட்டார்களா, கேட்டிருந்தால் அவர் பெயர் என்ன, தங்கள் நிறுவனம் பல வருஷ உறுப்பினர் என்ற முறையில் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது என்று இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, தொழிற்சாலைகள் நம்மை நம்பி வருவதே அபூர்வம், அவர்களை ஏன் பகைத்துக்கொள்ளவேண்டும், ஒரு பெயர்தானேம்மா என்றார். யார் எதைக் கேட்டார் என்பது கேட்டவரைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்று வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார் என்றேன். யார் அந்த விண்ணப்பதாரர் என்று எடுத்துப் பார்த்தார். அது என் கணவர் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கணவருடைய விண்ணப்பம் என்பதை ஏன் முன்கூட்டியே தெரிவிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிரண்குமாருக்கு அனுப்பிய பதிலில் உங்கள் பெயர் போகவில்லை.

நீங்களும் அவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். உங்களுக்குச் சொல்வதென்றால் அவருக்கும் சொல்லவேண்டும். நீங்கள் நல்லவர், அவர் கெட்டவர் என்று நான் தீர்மானித்துக்கொண்டு ஒருவருக்குச் சொன்னால், நாளைக்கு என் நாற்காலியில் இருப்பவர் வேறு மாதிரி தீர்மானிப்பார். பிறகு பயந்த ஒருவர்கூட எங்களிடம் எதையும் கேட்கமாட்டார். நீங்களே கேட்டிருப்பீர்களா?

ஒரு வழி இருக்கிறது. தொழிற்சாலை ஆய்வாளர் சட்டப்படி எழுத்தில் உத்தரவிட்டால் நூலகம் பதில் சொல்லியாகவேண்டும். ஆஸ்பத்திரிச் சான்றுகளோடு அவரிடம் போங்கள். எல்லாப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

சிவசங்கரியைப் பற்றிப் படித்ததும் எழுந்து, பழைய விண்ணப்பங்கள் இருக்கும் அலமாரி வரைக்கும் போனேன். போனைக் கையில் எடுத்து உங்கள் நம்பரைக்கூட வரவழைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. என்னை வெறுப்பதானால் வெறுத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள்.

கௌசிகா


சத்தியவேடு
13 செப்டம்பர் 2024

கௌசிகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வாளர் ஒரு பெண்மணி. திருப்பதியில் அவருடைய அலுவலகத்தில் விசாரணை. கழுவும் பிரிவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். மஞ்சுவை அவள் புருஷன் இடுப்பைப் பிடித்துக் கூட்டிவந்தான். சிவசங்கரி கம்பு ஊன்றாமல் வந்தே தீருவேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதிரே கிரண்குமார், பக்கத்தில் வக்கீல். பேச்செல்லாம் தெலுங்கில்தான். வழக்கம்போல் தமிழில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி அறிக்கைகளை மட்டும்தான் கொடுத்திருந்தேன். கட்டுரை என் பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு உன்னை இழுத்துவிடுவார்களோ என்று பயம். இந்த ரசாயனம் நரம்பைப் பாதிக்கும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். விற்றவர்கள் கொடுத்த தாளைத்தான் நம்பினோம், அதற்கு மேல் எதுவும் எங்களுக்குத் தெரியாது என்றார் கிரண்குமார். ஆய்வாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து, வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையிலும் இதேபோல் நடந்திருக்கிறது மேடம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கிரண்குமாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது குளிர் ஊரு மேடம். கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு வேலை பார்த்தாங்க. நம்மது திறந்த ஷெட். ரெண்டையும் எப்படி ஒண்ணா வைக்கிறது?"

நான் எந்த நாடு என்றே சொல்லவில்லை. கதவைப் பற்றியோ குளிரைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வக்கீல் மெதுவாக அவர் முழங்கையைத் தொட்டார்.

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏ தேசமண்டி?" என்றார். எந்த நாடுங்க என்று அவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டார். கிரண்குமார் தண்ணீர் குடித்தார். ஆய்வாளர் மறுபடி கேட்டார். அவர் வக்கீலைப் பார்த்தார். அப்போதுதான் கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தேன். எங்கிருந்து கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. மேலே உங்கள் நூலகத்தின் முத்திரை இருந்ததே.

கழுவும் தொட்டியை நிறுத்தச் சொல்லி அங்கேயே உத்தரவு எழுதினார். இன்று காலை என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது.

கௌசி, ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்தேன். அன்றைக்கு நீ பெயரைச் சொல்லியிருந்தால் நேற்று முதல் ஆளாக எழுந்து அதைத்தான் கத்தியிருப்பேன். பெண்டாட்டி திருடிக் கொடுத்த தகவல் என்று வக்கீல் ஒரே வரியில் முடித்திருப்பார். கிரண்குமாரும் வாயைத் திறந்திருக்கமாட்டார். உன் கடிதத்தைக் கிழித்தது நிஜம். பிறகு பொறுக்கி ஒட்டிவைத்ததும் நிஜம்.

ஹரி


தில்லி
30 செப்டம்பர் 2024

ஹரிக்கு,

ஆய்வாளரின் உத்தரவு முறைப்படி வந்தது. இயக்குநர் கையெழுத்தோடு பதில் போய்விட்டது. அதைத் தட்டச்சு செய்தது நான்தான். என்ன எழுதினோம் என்பதை ஆய்வாளரே உங்களுக்குச் சொல்வார். நீங்கள் ஏற்கெனவே அறிந்ததற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பெயரைச் சொல்ல மறுத்தது சரி என்று இயக்குநர் எழுதிவிட்டார். கணவரின் விண்ணப்பம் என்பதை முன்கூட்டித் தெரிவிக்காதது தவறு என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் சரிதான். அடுத்த மாதத்திலிருந்து எனக்கு நகல் பிரிவில் வேலை இல்லை. பட்டியல் தயாரிக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரும் எதையும் கேட்டு எழுதமாட்டார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் என்னைப் புகழ்ந்து எழுதவேண்டாம். கிரண்குமார் தானாக உளறுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் வாயை மூடிக்கொண்டிருந்து, தொட்டி இன்னும் இரண்டு மாதம் ஓடியிருந்தால், அந்த இரண்டு மாதத்தில் யாருடைய கால் திரும்பாமல் போயிருக்கும்? பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதி சரிதான். ஆனால் அதைக் காப்பாற்றிய நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சிவசங்கரிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெயர் தெரிந்தும் சொல்லாததையும்கூட. அவள் பதில் போடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

கௌசிகா


சத்தியவேடு
19 ஜனவரி 2025

கௌசிக்கு,

சிவசங்கரி பதில் போட்டாளாமே. என்ன எழுதினாள் என்று கேட்டால், "அது எனக்கும் அண்ணிக்கும்" என்கிறாள். சரி.

விஜயபுரத்துக்காரர்கள் ஆள் அனுப்பி, பெண்ணுக்குக் கால் குணமான பிறகு பேசலாம் என்றார்கள். அவள் உள்ளேயிருந்தே, "அவுங்களுக்கு நா குணமாவ வேணாம், எனக்கு ஆனாப் போதும்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். நைனா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மஞ்சுவுக்கு வலது கால் இன்னும் மரத்தபடிதான் இருக்கிறது. கம்பு ஊன்றி நடக்கிறாள். இனி வருமா என்பதை டாக்டர் சொல்லமாட்டேன் என்கிறார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கிரண்குமாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி எனக்குத் திரும்ப வேலை கொடுக்கப்போவதில்லை. நானும் போகப்போவதில்லை.

பொங்கலுக்கு மறுநாள் எல்லாரும் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போயிருந்தோம். வரப்பில் உட்கார்ந்திருந்த சிவசங்கரி திடீரென்று எழுந்து காலை உதறினாள். சுண்டுவிரலைக் கட்டெறும்பு கடித்துவிட்டது. "அண்ணா, எரியுதுண்ணா" என்று சொல்லிச் சொல்லி அதைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எறும்பு கடித்ததற்கு ஒரு குடும்பமே கொல்லையில் நின்று இப்படி அழுது சிரித்ததை, வரப்பில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உடனே உனக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தேன். பிறகு, இதை எழுதித்தான் சொல்லவேண்டும் என்று வைத்துவிட்டேன்.

உன்னைத் திரும்பி வா என்று எழுதவில்லை. நான் வருகிறேன். திருப்பதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரத்தில் ரயில். அங்கே வேலை தேடலாம் என்று ஒரு எண்ணம். நீ வேண்டாம் என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லையென்றால், உங்கள் நூலகத்துக்கு எந்த வழியாக வருவது, உள்ளே விட என்ன கேட்பார்கள் என்று எழுது.

ஹரி


தில்லி
25 ஜனவரி 2025

ஹரி,

மெட்ரோவில் இறங்கி இடதுபுறம் வாருங்கள். இரும்புக் கதவுள்ள இரண்டாவது வாசல். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, நைனாவின் கம்பளிச் சட்டையை வாங்கி வாருங்கள். பட்டியல் பிரிவு மூன்றாவது மாடியில்.

வாசலில் பெயரும் ஊரும் மட்டும்தான் கேட்பார்கள். எதற்காக வந்தீர்கள் என்று இந்தக் கட்டடத்தில் யாரையும் கேட்பதில்லை.

நான் கேட்பேன்.

கௌசிகா